சிவப்பு கவுண்டி, நீல கவுண்டி! அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஊர்களின் கதை

நள்ளிரவு மணி 12.

ஊரே தூங்க வேண்டிய நேரம். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு ஊரில் யாரும் தூங்கவில்லை. ஓர் ஓட்டுப்பெட்டியைச் சுற்றி 6 பேர் நின்றார்கள். அந்த ஊரின் மொத்த ஓட்டர்களே அந்த 6 பேர்தான்!

மணி 12 ஆனது. ஒருவர் பின் ஒருவராக ஓட்டுப் போட்டார்கள். சில நிமிடங்களில் எண்ணியும் முடித்துவிட்டார்கள். டிரம்புக்கு 3 ஓட்டு. கமலா ஹாரிசுக்கு 3 ஓட்டு. சரிக்குச் சரி!

இது நடந்தது 2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில். ஊரின் பெயர் டிக்ஸ்வில் நாட்ச். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், கோஆஸ் என்ற கவுண்டியில் இருக்கிறது. 1960-ம் ஆண்டு முதல் ஜனாதிபதி தேர்தல் நாளன்று நள்ளிரவிலேயே ஓட்டுப் போடுவது இந்த ஊரின் வழக்கம். அந்த முதல் தேர்தலில் 9 ஓட்டுகள் விழுந்தன. ஒன்பதும் நிக்சனுக்கே! ஆனால் ஜனாதிபதி ஆனவர் கென்னடி.

அமெரிக்கத் தேர்தலில் இப்படிப்பட்ட விநோதங்கள் ஏராளம். அந்த விநோதங்களின் உள்ளே பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். அதுதான் கவுண்டி.

கவுண்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் 50 ராஜ்யங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ராஜ்யமும் பல கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ராஜ்யத்துக்குள் மாவட்டம் எப்படியோ, அப்படித்தான் அங்கே கவுண்டி. நாடு முழுவதும் 3 ஆயிரத்து 100-க்கு மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. லூசியானா ராஜ்யத்தில் இதற்கு வேறு பெயர். 'பாரிஷ்' என்பார்கள்.

டெக்சாஸ் ராஜ்யத்தில் 254 கவுண்டிகள்! டெலவேர் ராஜ்யத்திலோ மூன்றே மூன்று!

எல்லாக் கவுண்டிகளும் ஒரே அளவு அல்ல. டெக்சாஸில் 'லவ்விங்' என்று ஒரு கவுண்டி. 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 64 பேர். ஒரு கல்யாணப் பந்தலில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடலாம்! அதே கணக்கில், கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் இருந்தவர்கள் ஒரு கோடிப் பேர்!

பெரும்பாலான கவுண்டிகளுக்கு ஒரு தலைநகர் உண்டு. அங்கே கோர்ட்டுக் கட்டிடம் இருக்கும். பெரும்பாலான கவுண்டிகளில் போலீஸ் வேலையைக் கவனிக்க 'ஷெரீப்' என்ற அதிகாரி இருப்பார். அவரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேர்தலை நடத்துவதும் பெரும்பாலான ராஜ்யங்களில் கவுண்டிதான். ஓட்டர் பட்டியலை வைத்திருப்பது கவுண்டி. ஓட்டுச் சீட்டை அச்சடிப்பது கவுண்டி. எண்ணுவதும் கவுண்டி. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ஓட்டுச் சீட்டு கிடையாது! ஒரு கவுண்டியில் ஒரு மாதிரி, பக்கத்துக் கவுண்டியில் வேறு மாதிரி இருக்கலாம். இதனால் ஒரு சமயம் நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஏன் செவ்வாய்க்கிழமை?

அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் 4 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். நவம்பர் மாதத்தில், முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தேர்தல் நாள். 1845-ம் ஆண்டில் இதற்காகச் சட்டம் போட்டார்கள்.

அதற்கும் கவுண்டிக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்தில் ஜனங்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஓட்டுப் போட வேண்டும் என்றால் கவுண்டித் தலைநகருக்கு வர வேண்டும். குதிரை வண்டியில் வருவதற்கே ஒரு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் நாள். புதன்கிழமை சந்தை. ஞாயிறு வழிபாடு முடித்து, திங்கட்கிழமை புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டு, புதன்கிழமை சந்தைக்குத் திரும்பிவிடலாம். நவம்பருக்குள் அறுவடையும் முடிந்துவிடும்.

குதிரை வண்டி போய், கார் வந்து, விமானமும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை!

538 பேர் கணக்கு

ஜனாதிபதியை அமெரிக்க ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜனங்கள் போடும் ஓட்டு, 'தேர்வாளர்கள்' என்பவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வாளர்கள்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர். 270 பேர் யார் பக்கமோ, அவரே ஜனாதிபதி.

பெரிய ராஜ்யத்துக்கு அதிகத் தேர்வாளர்கள். சிறிய ராஜ்யத்துக்குக் குறைவு. ஆனால் எவ்வளவு சிறிய ராஜ்யமானாலும் 3 பேருக்குக் குறையாது. தலைநகரான வாஷிங்டன் எந்த ராஜ்யத்திலும் சேராதது. அதற்கும் 3 பேர் உண்டு.

இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 48 ராஜ்யங்களில், எந்த வேட்பாளர் ஓர் ஓட்டாவது அதிகம் வாங்குகிறாரோ அவருக்கே அந்த ராஜ்யத்தின் அத்தனை தேர்வாளர்களும் சேருவார்கள். தோற்றவருக்கு ஒருவர்கூடக் கிடையாது! மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு ராஜ்யங்களில் மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள்.

ஆகவே, நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர்கூடத் தோற்றுப்போகலாம். 2000-ம் ஆண்டில் அப்படி நடந்தது. 2016-ம் ஆண்டிலும் நடந்தது.

வரைபடம் பொய் சொல்லுமா?

தேர்தல் இரவில் அமெரிக்கர்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். திரையில் நாட்டின் வரைபடம் தெரியும். குடியரசுக் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்த கவுண்டிக்குச் சிவப்பு நிறம். ஜனநாயகக் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்த கவுண்டிக்கு நீல நிறம். இந்த நிறக் கணக்கு நிலைத்தது 2000-ம் ஆண்டுத் தேர்தலில்தான். அதற்கு முன் ஒவ்வொரு டெலிவிஷன் நிலையமும் தன் இஷ்டத்துக்கு நிறம் பூசியது.

2016-ம் ஆண்டு வரைபடத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே சிவப்பு! 3 ஆயிரத்து 100-க்கு மேற்பட்ட கவுண்டிகளில் டிரம்ப் கைப்பற்றியவை 2 ஆயிரத்து 600 அளவு. அவரை எதிர்த்த ஹிலாரி கிளிண்டனுக்குக் கிடைத்தவை 500-க்கும் குறைவு.

அப்படியானால் டிரம்புக்குத்தானே ஓட்டு அதிகம்? அதுதான் இல்லை! நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தபோது, ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கு மேல் ஓட்டு அதிகம்!

எப்படி இது?

சிவப்புக் கவுண்டிகளில் பல பரந்த புல்வெளிகள், மலைகள், பாலைவனங்கள். பார்வைக்குப் பெரியவை. ஆனால் ஆட்கள் குறைவு. நீலக் கவுண்டிகளில் பல பெரிய நகரங்கள். வரைபடத்தில் சிறு பொட்டு. உள்ளே லட்சக்கணக்கான ஜனங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஒன்றில் மட்டும் ஹிலாரிக்கு 24 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. மலையும் காடும் ஓட்டுச்சாவடிக்கு வருவதில்லை. மனிதர்கள்தான் வருகிறார்கள்.

அப்புறம் ஹிலாரி ஏன் தோற்றார்? விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா என்ற மூன்று ராஜ்யங்களும் கைவிட்டுப் போயின. மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 78 ஆயிரம் ஓட்டுகள்தான். 28 லட்சத்தை 78 ஆயிரம் வென்றுவிட்டது!

நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்ற பிரிவு புதிதல்ல. 1960-ம் ஆண்டில் கென்னடியும் நிக்சனும் மோதினார்கள். இல்லினாய் ராஜ்யத்தில் 102 கவுண்டிகள். அவற்றில் பெரும்பாலானவை நிக்சன் பக்கம். ஆனால் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டி, கென்னடிக்கு 3 லட்சத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தைக் கொடுத்தது. முடிவில், 9 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இல்லினாய் கென்னடிக்குக் கிடைத்தது.

நல்லது செய்யப்போய் வந்த வினை!

இனி, நாட்டையே அல்லோலகல்லோலப்படுத்திய கதைக்கு வருவோம்.

2000-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆல் கோர். மற்ற ராஜ்யங்களின் கணக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. மிச்சம் இருந்தது புளோரிடா. அதற்கு 25 தேர்வாளர்கள். புளோரிடா யாருக்கோ, ஜனாதிபதி பதவி அவருக்கே!

புளோரிடாவில் 67 கவுண்டிகள். அவற்றில் ஒன்று பாம் பீச். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் நிறைய வாழும் கடற்கரைப் பகுதி.

அந்த ஆண்டு நிறையப் பேர் போட்டியிட்டார்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தால் எழுத்து பொடியாகிவிடும். வயதானவர்களுக்குக் கண் தெரியாதே! ஆகவே கவுண்டித் தேர்தல் அலுவலகம் ஒரு யோசனை செய்தது. பெயர்களைப் பெரிய எழுத்தில், இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி என்று அச்சடித்தார்கள். ஓட்டுக்காகத் துளை போடும் இடங்கள் நடுவில் வரிசையாக இருந்தன. வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகுகள் போல அது விரிந்திருந்தது. ஆகவே அதற்கு 'வண்ணத்துப்பூச்சி ஓட்டுச் சீட்டு' என்றே பெயர் வந்துவிட்டது.

நினைத்தது நல்லதுதான். நடந்தது வேறு!

இடது பக்கம் முதல் பெயர் புஷ். இரண்டாவது பெயர் கோர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை கோருக்கு உரியது அல்ல! அது வலது பக்கம் முதலில் இருந்த பாட் புக்கானன் என்ற வேட்பாளருக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது துளை!

'இரண்டாவது பெயர், இரண்டாவது துளை' என்று நினைத்து நிறையப் பேர் குத்திவிட்டார்கள். பாம் பீச்சில் புக்கானனுக்கு 3 ஆயிரத்து 400-க்கு மேல் ஓட்டு விழுந்தது. அதைவிட ஜனத்தொகை அதிகமான பக்கத்துக் கவுண்டிகளில் அவருக்கு ஆயிரம் ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை கோருக்குப் போக வேண்டியவையாக இருக்கும் என்று புக்கானனே டெலிவிஷனில் ஒப்புக்கொண்டார்.

இன்னும் பலர் குழம்பி, இரண்டு துளைகள் போட்டுவிட்டார்கள். இரண்டு துளை இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது. இப்படி வீணான சீட்டுகள் 19 ஆயிரத்துக்கு மேல்!

துளை சரியாக விழாத சீட்டுகளும் இருந்தன. அவற்றை அதிகாரிகள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் எண்ண வேண்டும் என்றது ஒரு கட்சி. கூடாது என்றது மறு கட்சி. வழக்கு மேல் வழக்கு. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு டிசம்பர் 12-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 நீதிபதிகள் மறு பக்கம். மறு எண்ணிக்கை நின்றது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுக்கொண்டார். தேர்தல் முடிந்து 36 நாட்கள் ஆகியிருந்தன.

புளோரிடாவில் விழுந்த ஓட்டுகள் ஏறக்குறைய 60 லட்சம். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 537!

நாடு முழுவதும் கோருக்கு 5 லட்சத்துக்கு மேல் ஓட்டு அதிகம். ஆனால் ஜனாதிபதி ஆனவர் புஷ். அதன் பிறகு புளோரிடா துளை போடும் சீட்டுகளையே ஒழித்துவிட்டது. பழைய ஓட்டு எந்திரங்களை மாற்ற 2002-ம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது.

'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?' என்று வீட்டிலேயே இருந்துவிட்ட புளோரிடாக்காரர்கள் எத்தனை பேரோ! அவர்களில் 538 பேர் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டிருந்தால், உலகத்தின் சரித்திரமே வேறாகியிருக்கும்.

கரிசல் மண் எழுதிய கதை

கவுண்டி வரைபடத்தில் இன்னொரு அதிசயம் உண்டு.

அமெரிக்காவின் தெற்குப் பகுதி பெரும்பாலும் சிவப்பு. ஆனால் அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா ராஜ்யங்களின் நடுவே, பிறை நிலா போல ஒரு நீலக் கோடு வளைந்து போகும். ஒரு தேர்தலில் அல்ல. தேர்தலுக்குத் தேர்தல் அதே இடத்தில் அதே கோடு!

அதன் காரணத்தைத் தேடினால் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னால் போக வேண்டும். டைனோசர் என்ற ராட்சத மிருகங்கள் வாழ்ந்த காலம் அது. அப்போது அந்தப் பகுதி ஒரு கடலின் கரை. கடலில் வாழ்ந்த நுண்ணிய உயிர்கள் செத்து, அடியில் படிந்து, சுண்ணாம்புப் பாறை ஆயின. கடல் பின்வாங்கியது. பாறைக்கு மேல் வளமான கரிய மண் உண்டாயிற்று.

கரிய மண்ணில் பருத்தி செழிக்கும். 19-ம் நூற்றாண்டில் வெள்ளை முதலாளிகள் அங்கே பெரிய பருத்தித் தோட்டங்கள் போட்டார்கள். வேலை செய்ய ஆப்பிரிக்க இன அடிமைகளை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தார்கள். அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. ஆனால் அவர்களின் சந்ததியினர் அந்த மண்ணிலேயே தங்கினார்கள். இன்றும் அந்தக் கவுண்டிகள் பலவற்றில் கறுப்பு இன மக்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். பழைய கடற்கரை இருந்த இடத்தில் இன்று நீலக் கோடு தெரிகிறது!

ஆனால் அந்த ஓட்டு சுலபமாகக் கிடைத்ததல்ல. ரத்தம் சிந்திப் பெற்றது.

படிப்பைக் காட்டிப் பறித்த உரிமை

'நிறத்தைக் காட்டி யாருக்கும் ஓட்டு மறுக்கக் கூடாது' என்று 1870-லேயே அமெரிக்க அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் தெற்கு ராஜ்யங்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தன. 'ஓட்டர் பட்டியலில் சேர வேண்டுமா? பரீட்சை எழுது!' என்றன.

படிக்கத் தெரியாத வெள்ளைக்காரர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். கறுப்பர் வந்தால் அரசியல் சட்டத்திலிருந்து கடினமான கேள்விகள் கேட்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களே 'தேறவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்!

அலபாமாவில் டல்லாஸ் என்று ஒரு கவுண்டி. அதன் தலைநகர் செல்மா. அங்கே ஓட்டர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறந்திருக்கும். பக்கத்தில் லவுண்டஸ் கவுண்டி. அங்கே 5 பேரில் 4 பேர் கறுப்பு இன மக்கள். 1965-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர்களில் ஓட்டர் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

1965 ஜனவரி மாதம் செல்மாவில் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பு இன ஆசிரியர்கள் கோர்ட்டுக் கட்டிடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். மார்ச் 7-ந் தேதி சுமார் 600 பேர் செல்மாவிலிருந்து ராஜ்யத் தலைநகரான மான்ட்கோமரிக்கு நடந்து புறப்பட்டார்கள். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் போலீசார் தடிகளால் தாக்கினார்கள். கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள். முன்னால் நடந்த இளைஞர் ஜான் லூயிசின் மண்டை உடைந்தது.

அந்தக் காட்சியை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தார்கள். கொதித்தார்கள். அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மறுபடியும் ஊர்வலம் புறப்பட்டது. 54 மைல் நடை. மான்ட்கோமரி சேர்ந்தபோது கூட்டம் 25 ஆயிரம்!

ஆகஸ்டு 6-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ராஜ்யங்களில் பரீட்சை நிறுத்தப்பட்டது. கவுண்டி அதிகாரிகள் பெயரைப் பதிய மறுத்த இடங்களுக்கு வாஷிங்டனிலிருந்தே அதிகாரிகள் வந்து பதிந்தார்கள்.

லவுண்டஸ் கவுண்டியில் பெயர் பதிந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றை நில முதலாளிகள் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்தன. பனியில் நடுங்கினார்கள். ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லவில்லை!

அந்தக் கவுண்டியில் முதன்முதலில் பெயர் பதிந்த கறுப்பு இனத்தவர்களில் ஒருவர் ஜான் ஹியூலட். தன் மக்களுக்காக அவர் ஒரு கட்சி தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டு ஓட்டுப் போட வேண்டுமே! அதற்காகக் கருஞ்சிறுத்தைப் படம் சின்னமாக வைக்கப்பட்டது. 1970-ம் ஆண்டு தேர்தலில் லவுண்டஸ் கவுண்டியின் ஷெரீப்பாக ஜான் ஹியூலட் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

5 ஆண்டுகளுக்கு முன் ஓட்டே இல்லாத மனிதர், அதே கவுண்டியின் போலீஸ் தலைவர்! செல்மாவில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ், 1987 முதல் 2020-ல் மறையும்வரை அமெரிக்கப் பார்லிமெண்டில் உறுப்பினராக இருந்தார்.

ஜோசியக் கவுண்டிகள்

சில கவுண்டிகளுக்கு 'ஜோசியர்' என்று பெயர். அந்தக் கவுண்டி யாருக்கு அதிக ஓட்டுப் போடுகிறதோ, அவரே ஜனாதிபதி ஆவார்!

இண்டியானா ராஜ்யத்தின் வீகோ கவுண்டி இதில் பெயர் பெற்றது. 1888 முதல் 2016 வரை அது தவறியது இரண்டே முறை. 1908-ல் ஒரு முறை, 1952-ல் ஒரு முறை. தேர்தல் நெருங்கினால் பத்திரிகைக்காரர்கள் அங்கே படையெடுப்பார்கள். டீக்கடையிலும் சவரக்கடையிலும் உட்கார்ந்து ஜனங்களின் பேச்சைக் கேட்பார்கள்.

1980 முதல் 2016 வரை நடந்த 10 தேர்தல்களிலும் சரியாகச் சொன்ன கவுண்டிகள் 19. ஆனால் 2020-ல் என்ன ஆயிற்று? ஜெயித்தவர் பைடன். 19-ல் 18 கவுண்டிகள் டிரம்புக்கு ஓட்டுப் போட்டிருந்தன! வீகோவும் தவறிவிட்டது. தப்பியது ஒன்றே ஒன்று. வாஷிங்டன் ராஜ்யத்தின் கடலோரத்தில் இருக்கும் கிளாலம் கவுண்டி. 2024-ல் அதுவும் சறுக்கியது. கிளாலம் கமலா ஹாரிசுக்கு ஓட்டுப் போட்டது. ஜெயித்தவர் டிரம்ப்!

அப்படியானால் இது ஜோசியம்தானா? ஒரு கணக்கைப் பார்க்கலாம். 3 ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு காசை எடுத்து, 10 முறை சுண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் மூன்று பேருக்காவது பத்து முறையும் தலையே விழ வாய்ப்பு உண்டு. அந்த மூவருக்கும் மந்திர சக்தி இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? 3 ஆயிரம் கவுண்டிகள் இருக்கும் நாட்டில் சில கவுண்டிகள் தொடர்ந்து சரியாகச் சொல்வதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

பரம்பரைக் கட்சி மாறியது!

'அப்பா போட்ட கட்சி, தாத்தா போட்ட கட்சி' என்று ஓட்டுப் போடும் கவுண்டிகளும் உண்டு.

கென்டகி ராஜ்யத்தில் எலியட் என்று ஒரு மலைக் கவுண்டி. வெள்ளை இன ஏழை விவசாயிகள் வாழும் இடம். 1869-ல் ஏற்பட்ட கவுண்டி இது. அன்று முதல் 2012 வரை நடந்த 36 ஜனாதிபதி தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சிக்கே அதிக ஓட்டு! 2016-ல் முதல் முறையாக மாறியது. டிரம்புக்கு 100-க்கு 70 ஓட்டு!

டெக்சாஸில், மெக்சிகோ எல்லையில் ஸ்டார் கவுண்டி. அங்கே 100-க்கு 95 பேருக்கு மேல் ஸ்பானிய வம்சாவளியினர். 1892-க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி ஜெயித்ததே இல்லை. 2012-ல் ஒபாமாவுக்கு 100-க்கு 86 ஓட்டு. 2016-ல் ஹிலாரிக்கு 79. 2020-ல் பைடனுக்கு 52. படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது. 2024-ல் கவுண்டி டிரம்ப் பக்கம் சாய்ந்துவிட்டது!

இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் கமலா ஹாரிஸ், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் மகள். அவருடைய தாயார் ஷியாமளா சென்னையில் பிறந்தவர். 'குடியேறியவர்கள் ஓட்டு அவருக்குத்தான்' என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். மளிகை விலை, வீட்டு வாடகை, எல்லைக் காவல் என்று ஸ்டார் கவுண்டிக்காரர்களுக்கும் தங்கள் கவலைகள் இருந்தன.

எந்த ஊரின் ஓட்டும் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுத்த சொத்து அல்ல!

சிவப்புக்குள்ளும் நீலம்

வரைபடத்தில் ஒரு கவுண்டிக்கு ஒரே நிறம்தான் பூசுகிறார்கள். ஆனால் சிவப்புக் கவுண்டியிலும் நீல ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. நீலக் கவுண்டியிலும் சிவப்பு ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட இரண்டும் இருக்கும். புருஷன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்று இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ!

டிக்ஸ்வில் நாட்சில் அன்று நள்ளிரவு ஓட்டுப் போட்ட 6 பேரும் அப்படித்தான். மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். எண்ணி முடித்ததும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலும் அதே ஊரில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்தானே!

லவுண்டஸ் கவுண்டியில் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரங்கள் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவு நிலையம் இருக்கிறது. ஒரு சீட்டில் ஒரு குறி போடும் உரிமைக்காக வீட்டை இழந்தவர்கள் வாழ்ந்த இடம் அது.

ஓட்டு எவ்வளவு கனமானது என்பதை 537 என்ற எண் ஒரு விதமாகச் சொல்கிறது. அந்தக் கூடாரங்கள் இன்னொரு விதமாகச் சொல்கின்றன.